வழுவும் வழுவமைதியும்

யான் பிறந்து வளர்ந்த இடம் வடசென்னையைச் சார்ந்த மூலக்கொத்தளம். ‘அஃது எங்குளது?’ என்று வினவும் நண்பர்க்கு, ‘வால்டாக்ஸ் ரோட்டின் வடகோடிக்கு அப்பால், பேசின் பிரிட்ஜுக்கு அருகில்’ என விடை கூறுவது என் வழக்கம். இவ்விடையில் வரும் பெயர்களே இக்கட்டுரைக்குத் தோற்றுவாயாக அமைகின்றன.

1758, 1759-ஆம் ஆண்டுகளிற் பிரெஞ்சுக்காரர் சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டனர். அவர்கள் மீண்ட பின்னர், கோட்டைக்கு வடக்கேயிருந்த நகரைக் காக்கும்பொருட்டுக் கும்பினியார் மதிலொன்று எழுப்பினர். அம்மதிலின் மூலையில் நின்ற கொத்தளமே ‘மூலைக்கொத்தள’மாய்ப் பின்னர் ‘மூலக்கொத்தள’மெனத் திரிந்தது என்பர். மதிற்செலவை ஈடுசெய்ய நகரத்தார்மீது வரி விதிக்கக் கருதினர். அவ்வரியின் பெயர் மதிலையொட்டிய சாலைக்கு நிலைத்துவிட்டது. ஆங்கிலத்தில் ‘வால்’ என்பது மதில், ‘டாக்ஸ்’ என்பது வரி. இதனை அறியாத யான், வால்டாக்ஸ் என்பவர் ஏதோவொரு துரை என்றே பள்ளிப்பருவம் முழுவதும் எண்ணியிருந்தேன். எனவே பிறருடைய ஆங்கிலப் பிழையைக் குறித்து எழுதப் புகும் யான் முதலில் என் பிழையொன்றை ஒப்புக்கொண்டே தொடங்குகின்றேன். இதனினும் பெரியதொரு பிழையைப் பின்னர்க் கூறுவேன்.

மாணவர் கூடுமிடத்தெல்லாம் பிறருடைய ஆங்கிலத்தை எடுத்து நகையாடுவது ஒரு பொழுதுபோக்காக இருந்து வருகின்றது. ‘கசின் பிரதர்’ என்றார் ஒருவர். ‘டுடே இட்செல்ஃப்’ என்றார் மற்றொருவர். ‘ஐ ஹாவ் எ டவுட்’ என்று வகுப்பில் எழுந்தார் வேறொருவர். இவற்றை அடுக்கிச் சொல்லிச் சிரிப்போர் பலர். இவை எவ்வாறு பிழையாயின, பிழைதானாவென்று ஆராய்வோர் சிலரே. தமிழிலக்கணம் பயிலும் மாணவர்க்கு இவ்வாராய்ச்சிக்குரிய கருவி கையிலேயே இருக்கின்றது. தொல்காப்பியனார் சொல்லதிகாரத்தின் முதலியலாகிய கிளவியாக்கத்தில் வழுவையும் வழாநிலையையும் விரித்துரைத்தார். நன்னூலார்க்கும் இஃது உடன்பாடே. இலக்கண முறைமையிற் பிறழாது நிற்பது வழாநிலை. பிறழ்ந்து நிற்பது வழு. பிறழ்ந்ததாயினும் ஒரு காரணம்பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. தாய் தன் பெண்மகவை ‘வாடா கண்ணா’ என்றழைப்பது பால்வழு. ஆயினும் அன்பு காரணமாக வந்தமையின் அமைத்துக்கொள்ளப்படும். இம்மூன்று பாகுபாட்டையும் ஆங்கிலச் சொல்வழக்கின்மீது வைத்து நோக்குவோம்.

முதற்கண், தமிழிற் புகுந்து பொருள் மாறிய சொற்களைக் காண்போம். உணவு மட்டும் விற்கும் கடையை நாம் ‘ஓட்டல்’ என்கிறோம்; ஆங்கிலேயர்க்கு அச்சொல் தங்கும் விடுதியைக் குறிக்கும். மோட்டார் வண்டியின் மாற்றுச் சக்கரத்தை ‘ஸ்டெப்னி’ என்கிறோம். வேல்ஸ் நாட்டு லனெல்லி நகரின் ஸ்டெப்னி வீதியில் 1904-ஆம் ஆண்டளவில் அத்தகைய சக்கரத்தைச் செய்து விற்ற நிறுவனத்தின் பெயர் அது. இங்கிலாந்தில் அச்சொல் பெரும்பாலும் வழக்கொழிந்தது. நம்மூர்ப் பழுதுபார்க்கும் பட்டறைகளில் இன்றும் உயிருடன் உலவுகின்றது. இவற்றைப் பிழையென்று தள்ளுவோமாயின், போர்த்துக்கீசியரிடமிருந்து வந்த சன்னல், சாவி, அலமாரி, மேசை, ஏலம் என்பவற்றையும், ஒல்லாந்தரிடமிருந்து வந்த துட்டையும் தள்ளவேண்டியதாகும். பிற நிலத்திலிருந்து வந்து வழங்கும் சொல்லைத் திசைச்சொல்லென ஏற்று, செய்யுட்குரிய நால்வகைச் சொற்களுள் ஒன்றாக வைத்தனர் நம் முன்னோர். ஆகவே இவை வழுவல்ல. குடிபுகுந்த சொற்கள் என்க.

இரண்டாவது, நாம் ஆங்கிலம் பேசுங்கால் தமிழின் அமைப்பு உள்நின்று ஆட்சி செய்தலால் விளைவன. ‘டுடே இட்செல்ஃப்’ என்பதைக் காண்க. ‘இன்றே வருவேன்’ என்பதிலுள்ள தேற்றேகாரத்துக்கு நேரானதோர் இடைச்சொல் ஆங்கிலத்தில் இல்லை. அதனை விட மனமில்லாத தமிழன் ‘இட்செல்ஃப்’ என்பதைக் கொணர்ந்து ஒட்டினான். ‘அங்கேதான் இருக்கிறார்’ என்பதிலுள்ள ‘தான்’ என்பதற்கு ‘ஒன்லி’யை ஒட்டியதும் இவ்வாறே. ‘கசின் பிரதர்’ என்பதும் அறியாமையன்று. சிற்றப்பன் மகனையும் அத்தை மகனையும் ஒருசொல்லால் வழங்க ஆங்கிலேயன் கூசுவதில்லை. அவனுக்கு அம்முறைகளுள் வேற்றுமை இல்லை. நமக்கோ முன்னவன் உடன்பிறந்தான் முறையினன். பின்னவன் மைத்துனன் முறையினன். இவ்வேற்றுமையைக் காட்டவே ‘பிரதர்’ என்னும் சொல் பின்னே வந்து நிற்கின்றது. மனைவியின் தமக்கை அல்லது தங்கையின் கணவனைச் சகலன் என்கிறோம். ஆங்கிலத்தில் அதற்கெனத் தனிச்சொல் இன்மையால் ‘கோ பிரதர்’ என்றொன்று படைத்துக்கொண்டோம்.

‘அவுட் ஆஃப் ஸ்டேஷன்’ என்பதும் அத்தகையதே. ‘அவர் ஊரில் இல்லை’ என்னும் பொருளில் இதனைக் கேட்கும் இக்கால ஆங்கிலேயன் புகைவண்டி நிலையத்தை நினைப்பான். ஆயினும் கும்பினியார் காலத்தில் உத்தியோகஸ்தர் தங்கியிருக்குமிடத்துக்கு ‘ஸ்டேஷன்’ என்று பெயர். அவ்விடத்தைவிட்டு வெளியே சென்றவன் ‘ஸ்டேஷனுக்கு வெளியே’ இருந்தான். அவர்கள் விட்டுச்சென்ற சொல்லை நாம் போற்றி வைத்திருக்கிறோம். பிற்போடுதலைக் குறிக்கும் ‘போஸ்ட்போன்’ என்பதற்கு எதிராக, முற்போடுதலைக் குறிக்க ‘பிரிப்போன்’ என நம்மவர் வழங்கியதைப் பலர் எள்ளினர். இன்று அது ஆக்ஸ்போர்டு அகராதியிலேயே இடம்பெற்றுவிட்டது. இவையெல்லாம் ஆங்கில இலக்கணத்தார் நோக்கில் வழுவாயினும், காரணமுடைமையால் வழுவமைதியாக வைக்கத் தக்கன. தேர்வில் எழுதினால் மதிப்பெண் குறையும். அதுபற்றி மாணவர் விழிப்பாயிருத்தல் வேண்டும். ஆனால் பேசினவரை அறிவிலியென்று எண்ணுதல் முறையன்று.

நிற்க. மூன்றாவது வகையைக் கூறுமுன், முன்னர்க் குறித்த என் பிழையை இங்கே சொல்லுதல் வேண்டும்.

எங்கள் தெருவில் எதிர்வீட்டில் ஒரு பெரியவர் வசிக்கின்றார். துறைமுகத்தை அடுத்த ஒரு சரக்குக் கிடங்கிற் பாரமேற்றும் வேலை அவருக்கு. யான் அவரைப் பெரியப்பா என்றழைப்பேன். ஒரு மாலை அவர் களைத்து வந்து, ‘இன்னிக்கு ஒரே டிஸ்சார்ஜ் தம்பி, இடுப்பு வுட்டுப்போச்சு’ என்றார். அப்போது யான் பதினோராம் வகுப்பு மாணவன். ‘டிஸ்சார்ஜ் என்பது ஆஸ்பத்திரியில் நோயாளியை அனுப்புவது பெரியப்பா, நீங்கள் அன்லோட் என்று சொல்ல வேண்டும்’ எனத் திருத்தினேன். அவர், ‘அப்படியா? நீ படிச்ச புள்ள, சொன்னா சரியாத்தான் இருக்கும்’ என்று சிரித்துக்கொண்டார்.

அடுத்த மாதம் அவருடைய மகளுக்குப் பேறுகாலம் நெருங்கிற்று. ஊருக்குச் செல்ல எண்ணிய பெரியவர் என்னிடம் வந்து, ‘பத்தாம் தேதியிலேர்ந்து பத்து நாள் லீவு வேணும்னு இங்கிலீசுல ஒரு லெட்டர் எழுதிக் குடு தம்பி’ என்றார். ‘லீவ்’ என்னும் எளிய சொல் என் புலமைக்குப் போதாததாகத் தோன்றிற்று. எங்கோ படித்திருந்த ‘ரிலீவ்’ என்னும் சொல்லை எடுத்து, ‘பத்தாம் தேதி முதல் என்னை என் கடமைகளினின்று ரிலீவ் செய்யும்படி பணிவுடன் வேண்டுகிறேன்’ என்னும் பொருள்பட அழகாக எழுதினேன். எத்தனை நாளென்பதை எழுதவில்லை. அவ்வாக்கியத்தின் கம்பீரத்தில் அது மறந்துபோயிற்று. பெரியவர் அதனடியிற் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு ஊர் சென்றார்.

பேரனைக் கண்டு மகிழ்ந்து திரும்பியவரைக் கிடங்கின் வாயிலிலேயே நிறுத்தினர். அலுவலக வழக்கில் ஒருவரை ‘ரிலீவ்’ செய்தல் என்பது வேலையினின்றும் விடுவித்தல். அவர் தாமாகவே விலகிக்கொண்டார் என்று கொண்டு, கணக்கை முடித்துவிட்டிருந்தனர். தம் கையெழுத்தோடு கூடிய கடிதத்தை அவர்கள் காட்டியபோது அவரால் மறுமொழி சொல்ல இயலவில்லை. மேற்பார்வையாளர் ஒருவர் இரங்கிப் பரிந்துபேசியதால் மூன்று வாரங்கழித்து மீண்டும் வேலை கிடைத்தது. ஆனால் புதிய ஆளாக. அவருடைய ஒன்பதாண்டுச் சேவை கணக்கினின்றும் நீங்கிவிட்டது.

யான் சென்று அவர்முன் தலைகுனிந்து நின்றேன். ‘போவட்டும் தம்பி, நீ நல்லதுக்குத்தான எழுதின’ என்றார். தெருவில் ஒருவரிடத்தும் அவர் இதனைச் சொல்லவில்லை. பின்னர் ஒருநாள் அகராதியைப் புரட்டிப் பார்த்தேன். கப்பலினின்றும் சரக்கை இறக்குதலுக்கு ‘டிஸ்சார்ஜ்’ என்பதே ஆங்கிலக் கடல்வாணிகத்தின் தொன்றுதொட்ட சொல்லென்று கண்டேன். அவர் சரியாகச் சொன்னதை யான் பிழையெனத் திருத்தினேன். யான் பிழையாக எழுதியதை அவர் சரியென நம்பினார்.

நம் இலக்கணத்திற் குழூஉக்குறி என்பதொன்றுண்டு. ஒரு தொழிற்குழுவினர் தமக்குள் ஒரு பொருள்பட வழங்கும் சொல் அது. ‘டிஸ்சார்ஜ்’ என்னும் சொல் துறைமுகத்தாரிடம் சரக்கிறக்குதல். மருத்துவமனையில் நோயாளியை வீட்டுக்கனுப்புதல். நீதிமன்றத்திற் குற்றஞ்சாட்டப்பட்டவரை விடுவித்தல். தொழிற்சாலையில் வேலையைவிட்டு நீக்குதல். ஒரே சொல் ஓரிடத்தில் நற்செய்தி, மற்றோரிடத்திற் கெடுசெய்தி. எக்குழுவினுள் நின்று பேசுகின்றோமென்று அறியாமல் இத்தகைய சொற்களை ஆளுதலே உண்மையான வழு. இவ்வகையைச் சேர்ந்தவற்றுள், நாம் அடிக்கடி ஆள்வனவும் தீங்கு பயக்கக்கூடியனவுமாகிய சிலவற்றை ஈண்டுத் தருகின்றேன்.

‘ரிவர்ட்’: கடிதத்துக்கு மறுமொழி விடுக்க என்னும் பொருளில் இக்காலத்தார் இதனைப் பெரிதும் ஆள்கின்றனர். பழைய நிலைக்குத் திரும்புதலே இதன் நேர்பொருள். அரசாங்கச் சேவை விதிகளில் ‘ரிவர்ஷன்’ என்பது மேற்பதவியிலிருந்தவரைக் கீழ்ப்பதவிக்கு இறக்குதல். ஆதலின் ‘ரிப்ளை’ என்பதே சாலும்.

‘சாங்ஷன்’: அனுமதி வழங்குதலும் இதுவே, தண்டனையாகத் தடைவிதித்தலும் இதுவே. ‘கடன் சாங்ஷன் ஆயிற்று’ எனக் கேட்டு ஒருவர் மகிழ்கிறார். ‘ஒரு நாட்டின்மீது சாங்ஷன் விதித்தனர்’ எனின் அந்நாட்டார் துன்புறுகின்றனர். இடம்நோக்கியே பொருள்கொள்ளல் வேண்டும்.

‘டவுட்’: நாம் ஐயம் என்னும் பொருளில், விளக்கம் கேட்டற்கு இதனை வழங்குகிறோம். ஆங்கிலேய ஆசிரியர் செவியில் அது ‘நீர் சொல்வதை நான் நம்பவில்லை’ என்பதுபோல் ஒலித்தலுங் கூடும். அயல்நாட்டாரோடு பேசுங்கால் ‘கொஸ்டின்’ என்பது தக்கது.

‘பாஸ் அவுட்’: கல்வி முடித்து வெளியேறுதலை இவ்வாறு சொல்கிறோம். பட்டாளத்திற் பயிற்சி முடித்தோரைக் குறித்து ஆங்கிலேயரும் இங்ஙனம் கூறுவர். மற்றையிடங்களில் அது மயங்கி விழுதலைக் குறிக்கும். ‘சென்ற ஆண்டு என் தமையன் பாஸ் அவுட் ஆனான்’ என்று கேட்ட அயல்நாட்டார் பரிவுடன் உடல்நலம் விசாரித்தால் வியப்பதற்கில்லை.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோரும் இவ்வகை வழுவுக்கு விலக்கானவரல்லர். இரண்டாம் உலகப்போரின் வரலாற்றை எழுதிய சர்ச்சில் ஒரு நிகழ்ச்சியைக் குறித்துள்ளார். பிரிட்டிஷ் அதிகாரிகளும் அமெரிக்க அதிகாரிகளும் கூடியிருந்த ஆலோசனையில், ஒரு பொருளை ‘டேபிள்’ செய்யவேண்டும் என்றனர் பிரிட்டிஷார்; கூடாது என்றனர் அமெரிக்கர். நெடுநேரம் வாதம் நிகழ்ந்தபின்னரே இருசாராரும் ஒன்றையே விரும்பினர் என்பது புலனாயிற்று. பிரிட்டிஷார்க்கு ‘டேபிள்’ செய்தல் உடனே விவாதத்துக்கு எடுத்தல். அமெரிக்கர்க்கு அது விவாதிக்காமல் ஒதுக்கிவைத்தல். ஒரே மொழியினரே இடர்ப்பட்டனராயின், கடல் கடந்து வந்த சொல்லை ஆளும் நாம் எத்துணை விழிப்பாயிருத்தல் வேண்டும்!

இனி, மறுபக்கத்தையும் நோக்குதல் நடுநிலையாகும். நம் சொற்கள் ஆங்கிலத்துட் புகுந்து என்னவாயின? இராயபுரத்துக்கும் காசிமேட்டுக்கும் நன்கு தெரிந்த கட்டுமரம், மரங்களை இணைத்துக் கயிற்றாற் கட்டியது. ஆங்கிலத்தில் அச்சொல் இன்று இரட்டை உடலுடைய விரைவுக்கப்பலைக் குறிக்கின்றது. அங்கே கட்டுமில்லை, மரமும் பெரும்பாலும் இல்லை. நம் மிளகுத்தண்ணீர் அவர்கள் மேசையில் இறைச்சி கலந்த கூழ்ச்சாறாயிற்று. இந்தியச் சொற்கள் ஆங்கிலரிடையே வழங்கிய வகையைத் தொகுத்து யூல், பர்னல் என்னும் அறிஞர் இருவர் ஆக்கிய அகராதி 1886-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ‘ஹாப்சன் ஜாப்சன்’ என்பது அதன் பெயர். முஹர்ரம் ஊர்வலத்தில் முஸ்லிம்கள் ஹசன், ஹுசைன் என்னும் திருப்பெயர்களைக் கூவியதை ஆங்கிலச் சிப்பாய்கள் கேட்டவாறு சொல்லியதே அப்பெயராயிற்று. சென்னையிலேயே ஓர் உதாரணம் உண்டு. ஹாமில்டன் என்பவர் பெயராலமைந்த பாலத்தை மக்கள் ‘அம்பட்டன் வாராவதி’ என்றனர் என்றும், ஆங்கிலர் அதனையே மீண்டும் மொழிபெயர்த்து நாவிதர் பாலம் என்னும் பொருள்படத் தம் மொழியில் வழங்கினர் என்றும் நெடுங்காலமாகக் கூறி வருகின்றனர். மருவிச் செல்லுதல் எம்மொழிக்கும் இயல்பு.

இவையெல்லாம் நகைத்து மகிழத் தக்கன. ஆனால் ஒரு சொல் மட்டும் அத்தகையதன்று. பறை என்னும் கருவியின் பெயரோடு தொடர்புடையதென்று கூறப்படும் ஒரு தொன்மையான தமிழ்ச் சமூகத்தின் பெயர், ஆங்கிலத்திற் சென்று, யாவராலும் வெறுத்தொதுக்கப்பட்டவன் என்னும் பொதுப்பொருளைப் பெற்றுவிட்டது, தெருநாய்க்கும் அடைமொழியாயிற்று. ஏதேனும் ஒரு நாட்டை உலகம் விலக்கிவைத்ததென்று எழுதும்போது ஆங்கிலச் செய்தித்தாள்கள் இன்றும் இச்சொல்லை ஆள்கின்றன. எழுதுவோர் இலக்கணத்தில் ஒரு பிழையும் செய்யவில்லை; அகராதியும் அவர்க்குத் துணை நிற்கின்றது. எனினும் அப்பெயரைத் தம் முன்னோர் பெயராகக் கொண்டு வாழும் மக்கள் அதனைப் படிக்கின்றனர் என்பதை எண்ணினோமாயின், ‘டுடே இட்செல்ஃப்’ என்று பிழையாகச் சொன்னவனினும், இச்சொல்லைப் பிழையின்றி எழுதியவனே பெரிய வழுவுக்கு ஆளானான் என்பது விளங்கும்.

இதனாற் பெறப்படுவது யாது? ஒரு சொல் வழுவோ வழுவமைதியோ என்று துணிதற்கு, ‘இதனைக் கேட்டு யார் சிரிப்பர்?’ என்று கேட்டல் போதாது. ‘இதனால் யார் இழப்பர்?’ என்றே கேட்டல் வேண்டும். இழப்பார் ஒருவருமில்லையாயின் அமைத்துக்கொள்வோம். இழப்பவர் ஒருவரேனும் உளராயின், எத்துணை அழகிய சொல்லாயினும் விலக்குவோம். இக்கோலைக்கொண்டு அளந்தால், என் எதிர்வீட்டுப் பெரியவர் தம் வாழ்நாளில் ஆங்கிலத்தில் ஒரு வழுவும் செய்தவரல்லர், யான் செய்தேன்.

இன்னும் ஒன்று கூறி முடிப்பேன். எங்கள் மூலக்கொத்தளத்து இடுகாட்டில் நடராசன், தாளமுத்து என்னும் இருவரின் நினைவிடம் இருக்கின்றது. பள்ளிகளில் இந்தி கட்டாயமாக்கப்பட்டதை எதிர்த்துச் சிறைசென்று, 1939-ஆம் ஆண்டிற் காவலில் இருந்தபோதே நோயுற்று உயிர்நீத்தவர் அவர்கள். தமிழை இந்நாட்டின் ஆட்சிமொழியாக்கிய சட்டமும் 1956-ஆம் ஆண்டிலேயே நிறைவேறிவிட்டது. அந்நினைவிடத்துக்கு நாலைந்து தெருவுக்கப்பால் அமர்ந்துகொண்டு, தமிழரொருவர் மற்றொரு தமிழர்க்குக் கொடுக்கவேண்டிய கடிதத்தை யான் ஆங்கிலத்தில் எழுதினேன். ‘பத்து நாள் விடுமுறை வேண்டும்’ என்று தமிழில் எழுதியிருப்பேனாயின் கிடங்கின் மேலாளர்க்கும் விளங்கியிருக்கும், கையெழுத்திட்டவர்க்கும் விளங்கியிருக்கும்.

இப்போதும் எங்கள் தெருவினர் கடிதம் எழுதித்தரும்படி என்னிடம் வருகின்றனர். முதலில் அவர் சொல்வதைத் தமிழில் எழுதி அவருக்கே படித்துக்காட்டுகின்றேன். அவர் ஆமென்று தலையசைத்த பின்னரே, வேண்டுமாயின், ஆங்கிலத்தில் எழுதத் தொடங்குகின்றேன். சென்ற திங்களில் பெரியவர் மீண்டும் வந்தார். பேரனுக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு திருத்தம் வேண்டியிருந்தது. மனுவைத் தமிழிலேயே எழுதி இருமுறை படித்துக் காட்டினேன். அவர் கேட்டு முடித்து, ‘சரியா இருக்குது தம்பி’ என்று கூறிக் கையெழுத்திட்டார்.